நீ வெட்டி எடுத்த பதில்

மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். திட்டினால் அதையும் பதிவு செய்து, ஒரு தாயின் கோபம் என்று தலைப்புப் போட்டு ஊருக்கு விடுவாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினாலும் அதே கதிதான். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் என் குரல் இல்லை, எடுத்துக்கொண்டு போக உனக்கு ஒன்றும் அகப்படாது. நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன். ஊத்துக்கோட்டையில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு இந்த ஆந்திரப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நான்தான் உனக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கும் உனக்கு வேகமாக வாசிக்க வராது. நல்லதாகப் போயிற்று, எழுத்துக் கூட்டி மெதுவாகவே படி.

இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் வெளியே கொண்டுபோகிறாய் என்று நீ கேட்க முடியாது. கொண்டுபோனவன் நீ. ஆனால் நான் உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு ஊர், அவ்வளவுதான். அந்த மரியாதையை நீ எங்களுக்குக் காட்டவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை கிடைத்தது. இரண்டு தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நீ. அதை விட்டுவிட்டு, சத்தம் பிடிக்கிறேன் என்று திருப்பதியில் போய் உட்கார்ந்தாய். கல்யாண வீடியோக்காரர்களுக்கு சவுண்ட் சரிசெய்து கொடுத்து வயிற்றைக் கழுவுகிறாய். மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போன், கையில் முடி போர்த்திய மைக். முதல் தடவை அதைப் பார்த்தபோது கீரிப்பிள்ளையைப் பிடித்து வந்துவிட்டாயோ என்று நினைத்தேன். காற்றுச் சத்தம் உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த முடி என்றாய். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியே வளர்த்துவிட்டேன்.

சின்ன வயதில் கரண்ட் கம்பத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பாய். உள்ளே யாரோ பாடுகிறார்கள் என்பாய். ஷாக் அடித்துத் தொலையப் போகிறது என்று முதுகில் இரண்டு வைப்பேன். அழுதுகொண்டே மறுபடி அங்கேயே போய் நிற்பாய். பெரியவனாகி, பிச்சாட்டூர் அணையில் மதகு திறந்தபோது எடுத்த சத்தத்தை எனக்குப் போட்டுக் காட்டினாய். முதலில் இரும்பு முனகுகிறது, அப்புறம் ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் தண்ணீர். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். உனக்குத் திறமை இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. திறமை இருக்கிறவன் செய்ததால்தான் வயிறு எரிகிறது.

போன கோடையில் உன் தங்கையைப் பெண் பார்க்க நாராயணவனத்திலிருந்து வந்தார்களே, அன்றைக்கு நீ செய்த கூத்தை நான் மறக்கவில்லை. மாட்டுக்கொட்டகைத் தகரம் உச்சி வெயிலில் டக் டக் என்று விரியும் சத்தம் வேண்டும் என்று வீட்டில் மின்விசிறியை நிறுத்தினாய், பிரிட்ஜை நிறுத்தினாய். வந்தவர்கள் வியர்த்து வடிந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைக்கப் போக, நீ கையைக் காட்டித் தடுத்தாய். உன் அப்பா தட்டிலிருந்த முறுக்கை எடுத்தார். "துன்னாத நைனா, சத்தம் வருது" என்றாய். அந்தம்மா என் காதருகே வந்து, "பையனுக்கு உடம்புக்கு இன்னாவா கீதா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அந்த இடத்திலேயே உன்னை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

இன்னொரு நாள் உனக்குச் சோறு கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தேன். மலையடிவாரத்தில் ஒரு மரத்தடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்காரவைத்து, கூர்ந்து கேட்பது எப்படி என்று தெலுங்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். மூச்சைக்கூட மெதுவாக விடச் சொன்னாய். நான் தூரத்தில் நின்று, "கண்ணு" என்று கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாய். வெயிலில் நின்றேன், நின்றேன், கடைசியில் உன் ரூம் பக்கம் போகிற ஆட்டோக்காரரிடம் சோற்றுத் தூக்கை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். நீ சாயங்காலம் போன் செய்து, குழம்பு நன்றாக இருந்தது என்றாய். ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் பக்கத்தில் சொல்வது உன் மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை வைப்பதில் முதல் மரியாதை செத்துப்போன பெண்களுக்கு. பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு, புதுத்துணியும் பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கரைக்குப் போவோம். பம்பையும் உடுக்கையும் அடித்து, பெயர் சொல்லி அழைப்பார்கள். செத்தவள் வீட்டு மனிதர் யார் மேலாவது வருவாள், பேசுவாள், என்ன குறை என்று சொல்வாள். அவள் சம்மதம் வாங்கி, பூ ஜோடித்த செம்பில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் பந்தல்கால். பூவாடைக்காரி அழைப்பது என்று பெயர். நம் வீட்டுப் பூவாடைக்காரி என் மூத்த மகள், உன் அக்கா. காய்ச்சலில் போனபோது அவள் இரண்டாம் வகுப்பு, நீ தூளியில் கிடந்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு உன் தூளிக்கயிற்றைத்தான் பிடிப்பாள். அவளைப் பற்றி உனக்கு நாங்கள் அதிகம் சொன்னதில்லை. அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும், சொல்ல முடியவில்லை.

உன் நைனா அவள் பெயரை மற்ற நாளில் வாயால் சொன்னதே இல்லை. இப்போது ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்கு அவர்கள் பஸ்ஸில் போவார், வருவார், துன்னுவார், படுப்பார். அவள் போட்டோ இருக்கிற சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார். ஆனால் கரையில் பம்பை அடித்தால் அவள் அவர் மேல்தான் வருவாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அப்படித்தான். கட்டை மாதிரி நிற்கிற மனிதரின் தொண்டையிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வரும். குழந்தைக் குரல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அவர் குரல்தான். ஆனால் இழுத்து இழுத்துப் பேசுகிற அந்த விதம் என் மகளுடையது. வருகிறவள் அவள்தானா, இல்லை இந்த மனிதர் அடக்கிவைத்ததா என்று நான் ஆராய்ந்ததில்லை. எனக்கு அவளோடு பேச அது ஒன்றுதான் வழி, அவருக்கு அழ அது ஒன்றுதான் வழி.

போன வருடம் உன் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அணைக்கரையில் அழைத்தோம். நீ மைக்கோடு வந்தாய். "நைனா, ரெக்கார்டு பண்ணிக்கட்டா?" என்று கேட்டாய். அவர் தலையாட்டினார். கேட்டுவிட்டுத்தானே செய்தேன் என்று நீ இன்றுவரை சொல்வது அதைத்தான். கல்யாண ஆல்பம் மாதிரி வீட்டுக்கென்று எடுக்கிறாய் என்று அவர் நினைத்தார். அதை நீயும் அறிவாய், அறியாத மாதிரி நடிக்காதே.

அவள் வந்தாள். வந்ததும் எப்போதும் கேட்கிறதையே கேட்டாள். "அம்மா, கீறியாம்மா?"

"கீறேண்டி கண்ணு, இங்கதான் கீறேன்" என்றேன். இருக்கிறேன் என்று உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் ஆள் இல்லாத வீடு என்று நினைத்துத் திரும்பிவிடுவாள்.

பச்சைப் பாவாடை கேட்டாள், வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் விசும்பினாள். அப்புறம்தான், அதுவரை எந்தக் கல்யாணத்திலும் கேட்காததை முதல் தடவையாகக் கேட்டாள். "தம்பி எங்கம்மா? அழுவறானா?"

நீ அவளுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாய். காதில் ஹெட்போன் போட்டிருந்ததால் எங்கள் எல்லோரையும்விட உனக்குத்தான் அது நன்றாகக் கேட்டிருக்கும். "சொல்றா, அக்கா கேக்கறா பாரு" என்று உன் முழங்கையை இடித்தேன். நீ என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாய். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உன்னைப் பார்க்கிறார்கள். உன் நைனா கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும், "தம்பி எங்க?" என்கிறார். நீ மைக்கை அவர் வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாய். வேறு வழியில்லாமல் நான்தான் சொன்னேன். "அழுவல கண்ணு. வளந்துட்டான். இதோ உன் எதிர்ல நிக்கறான், நல்லாக் கீறான்." அதற்குப் பிறகுதான் அவள் செம்பில் இறங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து உன் நைனா ஒரு நாள் வேலையிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டில் இருந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், "அம்மா, கீறியாம்மா?" என்று குரல் மாற்றிப் பேச, பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. போனில் போட்டும் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குக்காரர் மட்டும் சிரிக்காமல், தன் மகளும் போய்விட்டதாகச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். சிரித்ததும் அழுததும் உன் நைனாவுக்கு ஒன்றுதான். அந்தப் பஸ்ஸில் இருக்கிற யாருக்கும் அவர் மகளைக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை.

அன்றைக்குத்தான் நீ நெட்டில் ஏற்றியிருந்ததை உன் தங்கை தேடி எடுத்து எனக்குப் போட்டாள். ஹெட்போனில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். கீழே எத்தனையோ பேர் சாலா பாகுந்தி, பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். கேட்டேன். பம்பை, அலை, தூரத்தில் ஒரு நாய். "அம்மா, கீறியாம்மா?" அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் கரையில் மோதுகிறது. "தம்பி எங்கம்மா? அழுவறானா?" ஒன்றுமில்லை. "தம்பி எங்க?" ஒன்றுமில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. போனை மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். என் காது கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "அம்மா, நீ மைக்குக்கு ரொம்ப கிட்ட நின்னுக்கினு இருந்த. உன் குரலு ஒடஞ்சி ஒடஞ்சி வருது. அத்த எடுத்துட்டா அந்த மௌனம் நல்லா நிக்குது. கேக்கறவங்களுக்கு அப்பதான் மனசுல எறங்கும்."

"கேக்கறவங்களுக்கு இன்னாடா? கேட்டது உங்க அக்கா" என்றேன்.

"வெளிநாட்டுல கூடக் கேட்டு அழுதுகீறாங்கம்மா. இந்த மாரி எங்கயும் ரெக்கார்டு இல்ல. பத்திரமா இருக்கும். நீ எப்ப வேணாலும் போட்டுக் கேக்கலாம்."

எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமாம். என் மகள் என்ன ரேடியோவா? அவள் வருவதே பதில் வாங்கிக்கொண்டு போகத்தான். நீ செய்து வைத்திருப்பதில் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். முகம் தெரியாத ஒருவன் பஸ்ஸில் போகும்போது கூப்பிடுகிறாள், இன்னொருத்தி வேறு தேசத்தில் துணி மடிக்கும்போது கூப்பிடுகிறாள், ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. பிரமாதம் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பெற்றவள் பதில் சொன்னாள், அதை வெட்டி எடுத்துவிட்டு இதற்கு மௌனம் என்று பெயர் வைத்திருக்கிறாய். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால்கூடப் பரவாயில்லை, நீ உடைத்தது நம் வீட்டுச் சாமிக்கு வைத்தது.

கேட்பதைப் பற்றி நீ வகுப்பு எடுக்கிறாய். எனக்குத் தெரிந்த கேட்பது ஒன்றுதான், அதுவும் உன்னிடம் பார்த்ததுதான். நான்கைந்து வயதில் கதை சொல்லாமல் தூங்க மாட்டாய். கதை கேட்கிறவன் உம் கொட்ட வேண்டும், உம் நின்றால் கதையும் நிற்கும் என்பேன். தூக்கத்தில் கண் சொருகிய பிறகும் உம் உம் என்று சொல்லிக்கொண்டிருப்பாய். கதையில் பாதி உன் மண்டையில் ஏறியிருக்காது. ஆனாலும் சொல்கிறவளைத் தனியாக விடக் கூடாது என்கிற புத்தி அப்போது உனக்கு இருந்தது. உன் மெஷின் மூச்சு விடுவதைக்கூடப் பிடிக்கிறது, உம் கொட்ட மாட்டேன் என்கிறது. அதோடு சேர்ந்து நீயும் கெட்டுப்போனாய். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள், பிள்ளை பிறக்கும். அது கூப்பிடும்போது சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதே, என்னடா என்று கேள். அம்மா சொல்கிற புத்திமதி என்று வைத்துக்கொண்டாலும் சரி, சாபம் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

நெட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று அன்றைக்குச் சொன்னாய். எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை உன் தங்கை கல்யாணத்துக்கு அழைத்தோம். திருப்பதியில் ஏதோ வேலை என்று நீ வரவில்லை. வராததே நல்லது என்று நினைத்தேன். பம்பைக்காரர் கை ஓயும் வரை அடித்தார். உன் நைனா ஈரத்துணியோடு நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு வெளுக்க. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் திறக்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களின் கைகளையே பார்த்தார், யார் கையில் போன் இருக்கிறது என்று. அவள் வரவில்லை. "அவுரு வாயக் கட்டிக்கினு நிக்கறாரும்மா, நான் இன்னா பண்றது" என்றார் பம்பைக்காரர். வாங்கிவைத்த பாவாடையை அப்படியே மடித்து எடுத்து வந்தோம். பந்தல்கால் இன்னும் நடவில்லை. வழியில் கல்யாணப் பெண் அழுதபடி, "அக்காவுக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள். இல்லையடி, உன் அண்ணன்மேல் என்று வாய்வரை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் நைனா என்னிடம் சொன்னது இது. "என்னால இனிமே முடியாது. அவ வர்றப்ப எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்கன்னு தோணுது." இந்த வீட்டில் அவள் பேசிக்கொண்டிருந்த ஒரே வாயும் மூடிவிட்டது. நான் அவளை இரண்டாம் தடவை பறிகொடுத்து நிற்கிறேன். முதல் தடவை காய்ச்சல்மேல் பழி போட்டேன். இந்தத் தடவை பழி போடப் பெற்ற பிள்ளை இருக்கிறான்.

வருகிற புதன்கிழமை மறுபடி அழைக்கிறோம். வியாழன் நாராயணவனம் கோயிலில் தாலி. பம்பைக்காரரிடம் சொல்லியாயிற்று. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தச் சத்தத்தை எடுத்துவிடு. யாரைக் கேட்க வேண்டும், எந்த விழாவில் போடப் போகிறார்கள் என்ற கதையெல்லாம் எனக்கு வேண்டாம். எடுத்துவிட்டு, வெறுங்கையோடு வா. மைக் வேண்டாம், போனையும் ரூமிலேயே வைத்துவிட்டு வா. தண்ணீரில் முங்கி எழுந்து, உன் நைனா நிற்கிற இடத்தில் நீ நில்.

அவள் உன்மேல் வருவாள் என்று நான் சொல்லவில்லை. வர வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. பம்பைச் சத்தம் நின்றதும் நீ வாயைத் திறந்து, உன் பெரியப்பா, பஸ்ஸில் சிரித்தவனின் சித்தப்பா, சம்பந்தி வீட்டார், கல்யாணப் பெண் எல்லோர் முன்னாலும், "கீறேன்க்கா" என்று சொல்ல வேண்டும். குரல் உடையும், உடையட்டும். யார் காதில் விழுகிறது என்று உனக்குத் தெரியாது. உன் நைனாவும் நானும் இத்தனை வருடமாக அது தெரியாமலேதான் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உன்னைப் பெற்றவள்